ஏனுங்ணா, என்ன சீக்குன்னு கேட்டுட்டுக் குடுங்க: மீன் மருந்துக் கடைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோபி, அந்தியூர், சத்தி, பவானி, பெருந்துறை, காங்கயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சின்னு நம்ம கொங்கு பக்கம் மீன் தீவனமும் மீன் மருந்தும் விக்கிற எல்லா கடைக்கார அண்ணமாருக்கும் வணக்கமுங்க.

மொதல்லயே சொல்லிப்போடறனுங்க, இது சண்டை புடிக்கறதுக்கு எழுதுன கடுதாசி இல்லீங்க. என்ன சீக்குன்னு பாக்காம குட்டைக்கு ஆன்டிபயாட்டிக், அதாவது பாக்டீரியாவுக்குக் குடுக்கற மருந்து, விக்கறதைப் பத்துன கடுதாசிங்க. மாட்டுக்கு ஒண்ணுன்னா கால்நடை டாக்டரு வண்டிய எடுத்துட்டு கட்டுத்தரைக்கே வந்துர்றாரு, கோழிக்குன்னா கம்பெனி சூப்பர்வைசர் பட்டிக்குள்ள வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாரு, மீனுக்கு யாருங்க வராங்க? பண்ணைக்குட்டை வெட்டி பாலித்தீன் சீட்டு விரிச்சு, மானியத்துல தண்ணிக்குக் காத்து குடுக்கற ஏரேட்டர் வாங்கி வெச்சு, குஞ்சும் உட்டாச்சு, அதுக்கப்புறம் ஒரு மீன் பக்கவாட்டுல மெதந்தா நாங்க ஓடி வர்ற எடம் உங்க கடைதானுங்க. நீங்க என்ன குடுக்கறீங்களோ அதுதான் வைத்தியம். அதனாலதான் துறைக்கோ மந்திரிக்கோ எழுதாம உங்களுக்கு எழுதறனுங்க.

கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு கடையில ஏரேட்டருக்கு பேடில் வாங்கறதுக்கு நின்னுட்டிருந்தனுங்க, கடை பேரு ஊரு பேரெல்லாம் வேண்டாம். ஒரு பையன் வந்தான், பாத்தா புதுசா பண்ணையம் ஆரம்பிச்சவன் மாதிரி தெரிஞ்சுது, போனை நீட்டி போட்டோ காட்டுனான். கரைமேல ஒரு கட்லா, வயித்துல செவப்புத் திட்டு, செதிலெல்லாம் தூக்கிட்டு நிக்குது, ஒரு கண்ணு பிதுங்கி இருக்குது. கடைக்காரர் கேட்டது ஒரே கேள்விதானுங்க, "எத்தனை சென்ட் குட்டை?" அவ்வளவுதான். கை தானா பின்னால போயி மஞ்சப் பவுடர் பாக்கெட் ஒண்ணு, ஆக்ஸிடெட்ராசைக்ளின், அதுகோட கோழிக்குத் தண்ணியில கலந்து உடற என்ரோபிளாக்சசின் பாட்டில் ஒண்ணு, ரெண்டுமே ஆன்டிபயாட்டிக், எடுத்து வெச்சுட்டு, "ரெண்டையும் தீவனத்துல பெசஞ்சு மூணு நாளைக்குப் போடு தம்பி, நிக்கலைன்னா வா, வேற மாத்தித் தர்றேன்"னாரு.

அந்த நிக்கலைன்னா மாத்தித் தர்றேன்கறதுதானுங்க எனக்கு வெசனம். மூணு நாள் ஒரு மருந்து, நிக்கலைன்னா இன்னும் மூணு நாள் வேற மருந்து, அதுவும் நிக்கலைன்னா ரெண்டையும் சேத்தி. எந்த மருந்துக்கும் சாகாத பாக்டீரியாவை வளக்கோணும்னு ஒருத்தன் திட்டம் போட்டா கோட இதுக்கு மேல சரியா செய்ய முடியாதுங்க.

சித்த பொறுமையா கேளுங்க, அந்தப் பையன்கிட்ட கேக்காம உட்டது எத்தனை இருக்குதுன்னு பாருங்க. வெடிய நாலு மணி அஞ்சு மணிக்கு மீனு மேல வந்து வாயத் தொறக்குதா? மீன் கழிவுல இருந்து தண்ணியில சேர்ற அமோனியாவைப் பாத்தியா? சமீபத்துல வலை போட்டியா? தண்ணி கடும்பச்சையா, சாயங்காலம் பிஎச் ஒம்போதைத் தாண்டுதா? ஒடம்புல மீன் பேன் ஒட்டியிருக்குதா, கையில தொட்டா பட்டன் மாதிரி நகருதே அது? எந்த மீனு சாவுது, கட்லா மட்டுமா எல்லாமுமா?

ஏன்னா அந்த போட்டோவுல இருந்த மாதிரி செவந்து போறதுக்கும் புண்ணு ஆகறதுக்கும் பத்து காரணம் இருக்குதுங்க. ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலான்னு ஒரு பாக்டீரியா, நம்ம குட்டைத் தண்ணியில எப்பவுமே இருக்கறதுதான், மீனு தெம்பா இருக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது, ஆக்ஸிஜன் கொறஞ்சு அமோனியா ஏறி மீனு சோந்துச்சுன்னா உள்ள பூந்து வயிறு ஊதி செதில் தூக்கிரும். ஜிலேபிக்கு, அதுதான் திலேப்பியா மீனுக்கு, வெயில் காலத்துல கண்ணு பிதுங்கி சுத்திச் சுத்தி வந்து சாகுமே, அது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அது வேற வகை பாக்டீரியா, வேற மருந்து. செவுள் அழுகி மஞ்சளா பூத்தாப்ல இருந்தா அது பிளேவோபாக்டீரியமா இருக்கலாம். இதெல்லாம் பாக்டீரியா, சரி. ஆனா விராலுக்கும் கெண்டைக்கும் மழை முடிஞ்சு கார்த்திகை மார்கழி குளிர்ல வருமே பெரிய பெரிய குழிப்புண்ணு, அது அபனோமைசிஸ்னு பூஞ்சை மாதிரி ஒண்ணுங்க, 1988ல இந்தியாவுக்குள்ள வந்துச்சு, அதுக்கு ஆன்டிபயாட்டிக்க மூட்டை மூட்டையா கொட்டினாலும் கேக்காது. திலேப்பியா ஏரி வைரஸ்னு ஒண்ணு, வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எதுக்குங்க? மீன் பேனு பூச்சி, அதுக்கும் ஆகாது, பேன் கடிச்ச புண்ணு வழியா பாக்டீரியா போறது பொறவு வர்ற சங்கதி, பேனை உட்டுட்டு பாக்டீரியாவை மட்டும் தொரத்துனா அடுத்த வாரம் திரும்ப வரும். பெருவாரி சமயம் அமோனியாவும் ஆக்ஸிஜனும்தான் நோயே, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால வர்றது.

இப்ப பாக்டீரியாவேதான்னு வெச்சுக்குவோம். அப்பவும் அந்த மஞ்சப் பவுடர் வேலை செய்யுமான்னு பாருங்க. தீவனத்துல பெசஞ்சு போடறோம், சீக்கு வந்த மீன் தீவனம் எடுக்குதுங்களா? அது மூலையில ஒதுங்கிக் கெடக்கும், நல்லா இருக்கற மீன்தான் வந்து சாப்பிடும். மருந்து போறது சீக்கில்லாத மீனுக்கு. மீதி தண்ணியில கரைஞ்சு அடி சேத்துல தங்கிரும், மீன் தின்னதுலயும் பெரும்பகுதி ஒடம்புல ஒட்டாம எச்சத்துல அப்படியே வெளிய வந்துரும்.

அடுத்தது அளவு. ஆக்ஸிடெட்ராசைக்ளினை மீனுக்கு அனுமதிச்சிருக்கற அமெரிக்காவுல மீன் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 55ல இருந்து 80 சொச்சம் மில்லிகிராம், அதுவும் தொடர்ந்து 10 நாள், அப்புறம் 21 நாள் கழிச்சுத்தான் மீன் புடிக்கோணும்னு சட்டம் வெச்சிருக்காங்க. நம்ம குட்டையில ஒரு டன் மீன் இருக்குது, கிலோவுக்கு 75 மில்லிகிராம்னு வெச்சுக்குங்க, ஒரு நாளைக்கு 75 கிராம் சுத்த மருந்து வேணும். பாக்கெட் 10 பர்சென்ட்டா இருந்தா முக்கா கிலோ, தெனமும், பத்து நாளைக்கு. ஆக ஏழரைக் கிலோ. அந்தப் பையன் வாங்கிட்டுப் போனது மொத்தமே கால் கிலோ பாக்கெட் ஒண்ணு! கொல்றதுக்குப் பத்தாது, பாக்டீரியாவுக்குப் பழக்கி உடறதுக்கு மட்டும் போதும். நான் அதிகமா போடச் சொல்லலீங்க, அத தப்பா எடுத்துக்காதீங்க, என்ன எடை என்ன பர்சென்ட்னு கணக்கே போடாம குடுக்கறதும் வாங்கறதும் வைத்தியமே இல்லைங்கறேன்.

இன்னொண்ணு, இது நம்மூருக்கே உரிய சங்கதி. நம்ம போர் தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், குண்டாவுல காய்ச்சுனா அடியில வெள்ளையா படியும், கால்சியம் மெக்னீசியம் அவ்வளவு. ஆக்ஸிடெட்ராசைக்ளின் அந்த கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கண்டா அதுகோட ஒட்டிக்கும், ஒட்டிக்கிட்டா வீரியம் போச்சு. அந்தத் தண்ணியில பவுடரை நேரா கரைச்சு குட்டையில தெளிக்கச் சொல்றீங்களே, அது வெயில் பட்டும் செதையும், பாதிக்கு மேல காசு தண்ணியிலதான் போகுது. அதை உட்டாலும், பயோபிளாக் தொட்டிக்காரனுக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்து உட்டீங்கன்னா, அவன் அமோனியாவைக் கட்டுப்படுத்தறதுக்கு வளத்து வெச்சிருக்கற பாக்டீரியாவே செத்துப் போகும், மக்காநாள் அமோனியா ஏறி நிக்கும், மறுபடி உங்க கடைக்கேதான் வருவான்.

எங்க பங்காளி ஒருத்தரு இந்த மாதிரி ரெண்டு மூணு மருந்து மாத்தி மாத்திப் போட்டும் நிக்காம, தெரிஞ்ச ஒருத்தர் மூலமா லேப்புக்கு மீன் அனுப்பி கல்ச்சர் சென்சிட்டிவிட்டி, அதாவது பாக்டீரியாவை வளத்து அதுக்கு எந்த மருந்து கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட்டு, பாத்தாருங்க. அந்தத் தட்டு போட்டோவை நானும் பாத்தேன். வட்டமான தட்டுல பாக்டீரியா மெழுகுன மாதிரி பரவியிருக்குது, மேல சின்னச் சின்ன வெள்ளைக் காயிதப் பொட்டு, ஒவ்வொரு பொட்டுலயும் ஒரு மருந்து. மருந்து கேட்டா பொட்டைச் சுத்தி தெளிவா ஒரு வளையம் உழுகும், பாக்டீரியா அங்க வராது. அவரு தட்டுல ஆக்ஸிடெட்ராசைக்ளின் பொட்டுக்கு வளையமே இல்லீங்க, பொட்டு ஓரம் வரைக்கும் ஒட்டி வளந்திருக்குது. என்ரோவுக்கு நூல் அளவு. ஒரு பொட்டுக்குத்தான் நல்ல வளையம், அது அவருக்கு எந்தக் கடையிலயும் குடுக்காத மருந்து. ஆம்பிசிலினுக்கும் வளையமில்லை, ஆனா அது ஏரோமோனாஸோட பிறவிக் குணம், பெரும்பாலும் அதுக்கு ஆம்பிசிலின் கேக்கவே கேக்காதுன்னு லேப்ல சொன்னாங்களாம், நம்ம ஆளுக மாத்திரையப் பொடி பண்ணி அதே வகை அமாக்சிசிலின் போடறாங்களே, அது எவ்வளவு வெட்டி வேலைன்னு பாருங்க. அதுவரைக்கும் அவரு போட்ட மருந்து காசுக்கு ரெண்டாவது ஏரேட்டரே வாங்கியிருக்கலாம்.

மீன்தானே போனா போச்சுன்னு நெனைக்கறதுக்கும் இல்லீங்க. பாக்டீரியா இந்த மருந்தைத் தாங்கற வித்தைய தனக்குள்ளயே வெச்சுக்காது. பிளாஸ்மிட்னு சொல்றாங்க, சின்ன வளையமா ஜீன் துண்டு, அதை பக்கத்துல இருக்கற வேற சாதி பாக்டீரியாவுக்கும் குடுத்துரும், மீன் பாக்டீரியாகிட்ட இருந்து மனுசன் வயித்து ஈ.கோலைக்குப் போகும், அங்கிருந்து இங்கயும் வரும். மனுசனுக்குக் குடுக்கற சிப்ரோபிளாக்சசின் வகை மருந்தைத் தாங்க வெக்கற க்யூஎன்ஆர் ஜீன்ல ஒரு வகை ஷிவனெல்லாங்கற தண்ணி பாக்டீரியாகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு கண்டுபுடிச்சிருக்காங்க. என்ரோபிளாக்சசின் வேற சிப்ரோ வேறன்னு நெனச்சுக்காதீங்க, என்ரோ ஒடம்புக்குள்ள போனா அதுல ஒரு பங்கு சிப்ரோவாவே மாறுது, ஒண்ணைத் தாங்கப் பழகுன பாக்டீரியா இன்னொண்ணையும் தாங்கும். வலை இழுக்கறவன் கையில மீன் முள்ளு குத்தி சீழ் வெச்சா, உள்ள பூந்தது ஏரோமோனாஸா இருந்தா, ஆஸ்பத்திரியில அவனுக்கு எழுதறதும் பல சமயம் இந்த சிப்ரோ வகைதானுங்க. கொழம்பு வெச்சா பாக்டீரியா செத்துரும், தின்னறவங்களுக்கு அந்த பயம் கம்மி. அரியறவங்க, கழுவறவங்க, குட்டைக்குள்ள எறங்கறவங்க நாங்கதான் முன்னால நிக்கறோம்.

கோழி எருவைப் பத்தியும் பேசியாகோணும். பல்லடம் பக்கம் கறிக்கோழி, நாமக்கல்ல முட்டைக்கோழி, எரு சல்லிசா கெடைக்குது, குட்டையில போட்டா பச்சை புடிச்சு கட்லா நல்லா ஏறும்னு காலங்காலமா போடறோம். அந்தக் கோழிக்கு மருந்து போட்டிருந்தா மருந்தோட மிச்சமும், அதைத் தாங்கிப் பழகுன பாக்டீரியாவும் எருவோட சேந்து நம்ம குட்டைக்குத்தான் வருது. ஒரு பாக்கெட் கோட வாங்காதவன் குட்டையிலயும் மருந்து கேக்காத பாக்டீரியா இருக்கறதுக்கு இதுவும் ஒரு வழி. எரு விக்கற கடைக்காரங்க, நல்லா மக்க வெச்ச எருவா குடுங்க, பச்சையா லாரியில இருந்து நேரா எறக்காதீங்க. மக்கற சூட்டுல முழுசா போகாட்டியும் பெருமளவு கொறையும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு உங்களுக்கு நான் சொல்லோணும்னு இல்லை. குளோராம்பெனிகாலும் நைட்ரோபுரானும் திங்கற மீனுக்குக் குடுக்கவே கூடாது. கோலிஸ்டினை 2019லயே கோழி, மாடு, மீனு எதுக்கும் குடுக்கக் கூடாதுன்னு மத்திய அரசு தடை பண்ணிருச்சு. சிப்ரோ அட்டையில சிவப்புக் கோடு எதுக்குப் போட்டிருக்குது? டாக்டர் சீட்டு இல்லாம குடுக்காதேன்னுதானே. கடலோரத்துல எறால் பண்ணைக்காரன் ஏத்துமதி பண்றான், வெளிநாட்டுக்காரன் ஒரு கன்டெய்னரைத் திருப்பி அனுப்புனா அவனுக்கு உசுரு போயிரும், அதனால ஏத்துமதி எறால்ல மருந்தோட மிச்சம் இருக்குதான்னு பாக்கறதுக்குன்னே வருசா வருசம் திட்டம் போட்டு சாம்பிள் எடுக்கறாங்க. நம்ம ஜிலேபியும் ரோகும் ஞாயித்துக்கிழமை ரோட்டோரத் தொட்டியில உசுரோட வித்து நம்ம ஊட்டு சட்டிக்கே போகுது. வெள்ளைக்காரன் தட்டுக்குப் போறதுக்கு டெஸ்ட்டு, நம்ம புள்ளைங்க தட்டுக்கு அந்த அளவுக்கு இல்லை. எனக்கு இது கோபந்தானுங்க, ஆனா அது உங்க மேல இல்லை.

நார்வேக்காரன் சால்மன் வளக்கறான், 1987ல ஒரு வருசத்துக்கு கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாட்டிக் கடல்ல கொட்டிட்டிருந்தான். அப்புறம் தடுப்பூசி வந்துச்சு, பண்ணைகளுக்கு நடுவுல தூரம் வெச்சான், மருந்து கணக்கு எழுதியே ஆகோணும்னான். இன்னைக்கு மீனு பல மடங்கு அதிகம், மருந்து ஒரு டன்னுக்கும் கீழ. நம்ம கெண்டைய ஒவ்வொண்ணா புடிச்சு ஊசி போடறது ஆகற காரியமில்லை, அது தெரியும். கணக்கு எழுதறதும் தூரம் உடறதும் நம்மளாலயும் ஆகும்.

நீங்க கேப்பீங்க, நான் இல்லைன்னா பக்கத்துக் கடையில வாங்குவான், என் யாவாரம் போறதுதான் மிச்சம்னு. நியாயந்தானுங்க. அதனாலதான் ஒரு கடைக்கு எழுதாம எல்லாருக்கும் எழுதறேன். முட்டை வெலைய நாமக்கல்ல உக்காந்து முடிவு பண்ணிச் சொல்ற பக்கத்துக்காரங்க நாம, இருபது முப்பது மீன் மருந்துக் கடைக்காரங்க ஒண்ணா உக்காந்து ஒரு முடிவு எடுக்க முடியாதுங்களா? லேப் ரிசல்ட்டோ மீன் தெரிஞ்ச டாக்டர் சீட்டோ இல்லாம ஆன்டிபயாட்டிக் இல்லை, மனுசன் மாத்திரையும் கோழி பாட்டிலும் குட்டைக்கு இல்லவே இல்லைன்னு எல்லா கடையிலயும் ஒரே போர்டு மாட்டுனா யாருக்கு யாவாரம் போகுது? எங்க பக்கத்து ஆளுக ரெண்டு நாளைக்குத் திட்டுவாங்க, அப்புறம் பழகிக்குவாங்க. பில்லுல மருந்து பேரும் தேதியும் எழுதி, இன்ன தேதி வரைக்கும் மீன் புடிக்காதேன்னு கீழ ஒரு வரி போட்டுக் குடுங்க. இப்ப வெறும் துண்டுச்சீட்டுல தொகை மட்டும் வருது.

யாவாரத்துக்கும் வழி இருக்குதுங்க. அமோனியா, பிஎச், ஆக்ஸிஜன் பாக்கற கிட்டை கவுன்டர்லயே வைங்க, தண்ணி பாட்டில்ல கொண்டாந்தா பாத்துச் சொல்லி காசு வாங்கிக்குங்க, நாங்க குடுக்கறோம். ஆக்ஸிஜன் மட்டும் குட்டை மேலயே பாக்கோணும், பாட்டில்ல வந்தா தப்பா காட்டும், அதுக்கு மீட்டர் வாடகைக்குக் குடுங்க. சுண்ணாம்பு, கல்லுப்பு, பொட்டாசியம் பெர்மாங்கனேட், புண்ணு நோய்க்கு புவனேஸ்வர் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் கண்டுபுடிச்ச சிபாக்ஸ், இதெல்லாம் எப்ப எவ்வளவுன்னு சொல்லிக் குடுங்க. மீன் சாகும்போது மொதல்ல தீவனத்தை நிறுத்து, ஏரேட்டரை உடு, பாதி தண்ணிய மாத்துன்னு சொன்னாலே பாதி பேருக்கு நின்னுரும்.

சாம்பிள் அனுப்பறது பெரிய கம்ப சூத்திரம் இல்லீங்க. செத்து நாறுன மீனை ஐஸ்ல போட்டு அனுப்புனா லேப்ல ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது, செத்ததுக்கப்புறம் ஏறுன பாக்டீரியாதான் வளரும். உசுரோட தத்தளிக்கற மீன் மூணு நாலு, குஞ்சு பேக் பண்ற மாதிரியே ஆக்ஸிஜன் அடிச்ச கவர்ல, மருந்து எதுவும் போடறதுக்கு முன்னால, அதுகோட ஒரு பாட்டில் குட்டைத் தண்ணி, ஒரு சீட்டுல எப்ப இருந்து சாவுது, என்ன போட்டீங்கன்னு எழுதி அனுப்போணும். பவானிசாகர்ல மீன்வளப் பல்கலைக்கழக மையம் இருக்குது, சென்னை மாதவரத்துல அவங்க நோய் ஆய்வகம் இருக்குது, மொதல்ல போன் பண்ணி கேட்டுட்டு அனுப்புங்க. கல்ச்சர் வளர ஒரு நாள், பொட்டு வெச்சுப் பாக்க ஒரு நாள், ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சுரும், உங்க மாத்தித் தர்ற மூணு நாளும் அதேதானுங்களே. ரிப்போர்ட் பிஷ் டிசீஸ்னு 2023ல மத்திய அரசு ஒரு ஆப் கோட உட்டிருக்குது, கடையில இருக்கற பையனுக்கு அதுல பதியக் கத்துக் குடுத்தீங்கன்னா எங்களுக்கு ஒத்தாசை.

ஆனா மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கற நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ உசுரோட மீன் அனுப்பறது எல்லாராலயும் ஆகாது. ஈரோட்டுல ஒரு லேப், கல்ச்சர் சென்சிட்டிவிட்டி மட்டும் பாக்கற மாதிரி சின்னதா, அரசாங்கம் வெக்கோணும்னு கேக்கலாம்னு இருக்கறோம். பண்ணைக்காரங்க கையெழுத்து நாங்க வாங்கறோம். நீங்களும் சேந்து கையெழுத்து போட்டீங்கன்னா அந்த மனுவுக்கு எடை கூடும், ஏன்னா எந்த ஊர்ல எந்த மாசம் எந்த மருந்து எத்தனை பாக்கெட் போகுதுங்கற கணக்கு உங்க கையிலதான் இருக்குது, அதைக் காட்டுனா அதிகாரிங்க மறுக்க முடியாது.

மாசி கடைசிக்குள்ள ஈரோட்டுலயோ பெருந்துறையிலயோ ஒரு நாள் உக்காரலாமுங்க. வெயில் ஏறுனா ஜிலேபிக்கு சீக்கு ஆரம்பிச்சுரும், அப்ப நீங்களும் ஓய்வா இருக்க மாட்டீங்க நாங்களும் இருக்க மாட்டோம். மண்டப வாடகையும் மத்தியான சாப்பாடும் எங்க செலவு. நாளு மட்டும் நீங்க பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கோபி பக்கத்து மீன் பண்ணையக்காரன் ஒருத்தன்